பற்றுச்சீட்டு எங்கே? – நுகர்வோர் கேள்வி-பதில்

(கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன. எந்தக் கட்சி நல்லது என்று கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. உத்தரவாத அட்டை இல்லாத பொருளை நான் பரிந்துரைப்பதில்லை.)

கேள்வி: அக்கரைப்பற்றில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வாங்கினேன். போத்தலில் 100 ரூபா என்று அச்சிட்டிருக்கிறது. கடையில் 130 வாங்கினார்கள். கேட்டால் குளிரூட்டும் மின்சாரச் செலவாம். – பயணி, திருக்கோவில்

பதில்: 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு லீற்றர் போத்தலுக்கு உச்ச சில்லறை விலை 100 ரூபா. பெட்டிக்குள் குளிர்ந்தாலும் அதே விலை, வாசலில் வெயிலில் காய்ந்தாலும் அதே விலை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். பற்றுச்சீட்டு கேட்டு வாங்கினீர்களா? கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2021இல் அதைத் திருத்தினார்கள். உச்ச விலையை மீறும் தனிநபருக்குத் தண்டப்பணம் இப்போது ஒரு இலட்சம் ரூபாவிலிருந்தும், கம்பனிக்கு ஐந்து இலட்சத்திலிருந்தும் தொடங்குகிறது. முப்பது ரூபாவுக்கு ஒரு இலட்சம்! நல்ல சட்டம். இதே விகிதத்தில் அடுத்த கடிதத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 2020இல் சீனி வரியைக் குறைத்தார்கள் என்று வானொலியில் கேட்டு, விலை இறங்கட்டும் என்று மூடை வாங்காமல் காத்திருந்தேன். இறங்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பது? – தேநீர்க் கடைக்காரர், சம்மாந்துறை

பதில்: 2020 அக்டோபர் நடுப்பகுதியில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த இறக்குமதி வரி ஒரே வர்த்தமானியில் 25 சதமானது. சதம், ஐயா. அந்த நாணயத்தை உங்கள் கல்லாவில் கடைசியாக எப்போது கண்டீர்கள்? அரசாங்கம் இழந்த வருமானம் சுமார் 1,590 கோடி ரூபா என்று பாராளுமன்றக் குழுவில் கணக்கு வந்தது. அந்தக் காசு திறைசேரிக்கும் போகவில்லை, உங்கள் தேநீர்க் கோப்பைக்கும் வரவில்லை; இடையில் இறக்குமதியாளரின் களஞ்சியத்தில் இறங்கிக்கொண்டது. ஹிங்குராணையில் கரும்பு விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதையும் பார்த்தோம். போத்தலுக்கு முப்பது ரூபா கூட வாங்கிய கடைக்காரரை நீதிமன்றத்தில் நிறுத்த ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இதற்கு எந்த இலக்கத்தை அழுத்துவது?

கேள்வி: அரசாங்கக் கடையான சதொசவில் வெள்ளைப்பூண்டு மலிவாகக் கிடைக்குமா? – இல்லத்தரசி, கல்முனை

பதில்: 2021இல் இரண்டு கொள்கலன் மலிவாகத்தான் போயின. உங்களுக்கும் எனக்கும் அல்ல, ஒரு தனியார் வியாபாரிக்கு.

கேள்வி: ஒரு இலட்சம் ரூபா போட்டால் மாதம் இருபதாயிரம் வரும் என்று நண்பர் ஒரு செயலியில் சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் வந்தது. இப்போது செயலி திறக்கவில்லை. மச்சான்மார் இருவரையும் சேர்த்துவிட்டிருக்கிறேன். – இளைஞர், ஏறாவூர்

பதில்: இதே கடிதம் ஊர்ப்பெயர் மட்டும் மாறி இங்கே வந்துகொண்டே இருக்கிறது. மாதம் இருபது வீதம் தரக்கூடிய தொழில் ஒன்று இருந்தால் அதை உங்கள் நண்பருக்குச் சொல்வானேன், தானே வைத்துக்கொள்ள மாட்டானா? புதிதாகச் சேர்பவரின் காசை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம். அதாவது மச்சான்மார் பொலிசுக்குப் போனால் எதிராளி நீங்கள்தான். முதலில் அவர்களிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு மூவரும் சேர்ந்து, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விபரங்களோடு முறைப்பாடு செய்யுங்கள். கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: 2021 பெரும்போகத்தில், யூரியா இல்லை என்று திரவ உரம் தந்தார்கள். அடித்தேன். கதிர் வரவேண்டிய காலத்தில் வயல் வட்டை முழுவதும் மஞ்சளாக நின்றது. வழமையான விளைச்சலில் பாதியும் வரவில்லை. போத்தல் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், அடியில் கறுப்பாக மண்டி உறைந்து கிடக்கிறது. நட்டஈடு கேட்கலாமா? – விவசாயி, வெல்லாவெளி

பதில்: போத்தலை எறியாதீர்கள், லேபிளும் கிழியாமல் இருக்கட்டும். ஆனால் அதிகார சபையிடம் முறையிட மூன்று மாத அவகாசம்தான். அது எப்போதோ கடந்துவிட்டது. பதில் இவ்வளவுதான். மீதி என் பழைய ஆத்திரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவனமில்லாமல் வாங்கிவிட்டுக் கடிதம் எழுதுபவர்களை இந்தப் பத்தியில் நான் திட்டுவது உங்களுக்குத் தெரியும். மாதிரியைப் பார்க்காமல் வாங்காதே, பொருள் கைக்கு வராமல் முழுக் காசும் கொடுக்காதே, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை எழுத்தில் கேள் என்று பாலர் வகுப்புப் பாடம் போலச் சொல்லி வருகிறேன். அந்த ஆண்டு நாட்டிலேயே மிகக் கவனமில்லாத வாடிக்கையாளர் யார்? அமைச்சுகளும் செயலாளர்களும் ஆலோசகர்களும் வாகனத் தொடரணியும் வைத்திருந்த அரசாங்கம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். பழைய கடையை மூடிய பிறகுதான் புதிய கடை தேடினார்கள். சீனாவின் சிங்டாவ் சீவின் கம்பனியிடம் சேதன (இயற்கை) உரம் வாங்க ஒப்பந்தம். முதல் தொகுதி 20,000 தொன், ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பலில் புறப்பட்டது. மாதிரியைச் சோதித்த நமது தாவரத் தொற்றுநீக்கல் அதிகாரிகள் பயிருக்குக் கேடான பக்டீரியா இருக்கிறது என்றார்கள். கம்பனி இல்லை என்றது. கப்பல் இறக்கவும் முடியாமல் போகவும் மனமில்லாமல் கடலில் சுற்றியது. மக்கள் வங்கி கொடுக்கவிருந்த பணத்தைக் கொழும்பு நீதிமன்றம் நிறுத்தியது. சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், அறுபது இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்தார்கள். உரம்? ஒரு பிடிகூட இறங்கவில்லை.

எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் டொலர் இல்லை என்று நாம் வரிசையில் நின்ற காலம் அது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெற்று சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி இடம் பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதித் தடையை 2021 நவம்பரிலேயே விலக்கிவிட்டார்கள். அதற்குள் வயல் விதைத்து முளைத்திருந்தது.

யாராவது பதில் சொன்னார்களா என்று கேட்பீர்கள். பொருளாதார வீழ்ச்சி தொடர்பான வழக்கில் 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகிய மூன்று ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் போன்ற அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் சொன்னார்கள். நட்டஈடு கொடுக்கக் கட்டளை இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா. வெல்லாவெளி வயலுக்கு அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை.

கேள்வி: குழுவாகக் கடன் எடுத்தோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமாம். நான் கையெழுத்திட்ட தாள் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. கிழமைக் காசு வாங்க வருபவர் பணம் கிடைக்கும் வரை திண்ணையை விட்டு எழும்புவதில்லை. பொலிசில் கொடுப்பேன் என்கிறார். பயமாக இருக்கிறது. – தாய், கிரான்

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடித்துக்கொண்டு போகாது. நாளைக்கே இதைச் செய்யுங்கள்: ஒப்பந்தத்தின் பிரதியையும் இதுவரை கட்டிய கணக்கையும் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அனுமதி பெற்ற நிறுவனமானால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். மிரட்டி வசூலிப்பதை 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அனுமதிப்பதில்லை. அவர் திண்ணையில் இருக்கும்போது தனியாக நிற்காதீர்கள், குழுவில் உள்ள மற்றப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. கூடவே வட்டிக்கு ஓர் உச்சவரம்பும் வந்தது: ஆண்டுக்கு 35 வீதம். பெண்களைக் காப்பாற்ற வைத்த வரம்பே அதுவென்றால், அதற்கு முன் வாங்கியதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: தேர்தலுக்கு முன் ஒரு வேட்பாளரின் ஆட்கள் மின்விசிறி தந்தார்கள். இரண்டு மாதத்தில் எரிந்துவிட்டது. உத்தரவாத அட்டை இல்லை. – வாக்காளர், வாழைச்சேனை

பதில்: வியாபாரி விலைக்கு விற்கும் பொருளைப் பயன்படுத்துபவர்தான் சட்டத்தில் நுகர்வோர். நீங்கள் கொடுத்த விலையை வெளியே சொல்லவும் முடியாது. வாக்குக்காகக் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம். வேட்பாளர்கள் முடிவு வெளிவந்து 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்திருக்கிறது. அதில் உங்கள் மின்விசிறி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். என் வீட்டில் தொங்குவது காசு கொடுத்து வாங்கியதுதான். அதுவும் காற்றைவிடச் சத்தத்தையே தாராளமாகத் தருகிறது.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். ஒரு மாரியில் ஓரம் உடைந்து கம்பி தெரிகிறது. பெயர்ப்பலகை மட்டும் உறுதியாக நிற்கிறது. இது நுகர்வோர் முறைப்பாடா? – பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்

பதில்: ஆம். நீங்கள்தான் வாங்கியவர், சவர்க்காரத்துக்குக்கூட 18 வீத வற் கட்டுகிறீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலையைச் செய்வித்த நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இவற்றைக் கேளுங்கள்: ஒப்பந்தப் பிரதி, அளவு விபரப் பட்டியல், கொங்கிறீட்டின் தடிப்பு, வேலையை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டவரின் பதவி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது, உத்தரவாதமாக ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டுவிட்டதா. கடைசி இரண்டும்தான் முக்கியம். காலம் முடியாவிட்டால் அவர் தன் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும். 14 வேலை நாட்களில் முடிவு வராவிட்டால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. எழுதுமுன் உடைந்த ஓரத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். கடிதம் போன மறுநாளே சீமெந்து பூசிவிடுவார்கள்.

கேள்வி: உங்கள் பத்தியில் அரசியல் கூடிவிட்டது. ஒரு நல்ல பிளெண்டர் சொல்லுங்கள். – வாசகி, மட்டக்களப்பு

பதில்: கண்காட்சிக் கூடாரத்தில் வாங்காதீர்கள். என்னுடையது மூன்றாம் நாள் புகைந்தது. போய்ப் பார்த்தால் கூடாரமும் இல்லை, ஆளும் இல்லை, முளையடித்த குழிகள் மட்டும் இருந்தன. நிரந்தரக் கடையில், அரிசியை ஊறவைத்துக் கொண்டுபோய் அங்கேயே அரைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.