சிக்னிஃபிகன்ட் என்றால் பெரியது என்று பொருளா?

வணக்கம் ஐயா,

இரத்த அழுத்த மருந்து ஒன்றைப் பற்றிய ஆய்வுச் சுருக்கத்தில் ‘ஸ்டாட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகன்ட்’ என்று இருந்தது, பி மதிப்பு 0.05-க்குக் கீழே. மருந்து நன்றாகக் கேட்கிறது, அதற்கு 95 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டுமே கூடாது. பேச்சில் சிக்னிஃபிகன்ட் என்றால் கணிசமானது, முக்கியமானது. புள்ளியியலில் அந்தச் சொல் விளைவின் அளவைப் பற்றி வாயே திறப்பதில்லை. மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் வெறும் தற்செயலாக, மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்ற இரண்டு குழுக்களுக்கு இடையே இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தென்பட எத்தனை வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. பயனில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, பயன் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று எப்படிச் சொல்லும்?

அளவு விஷயத்தை எண்களில் பாருங்கள். ஆளுக்கு ஆள் இரத்த அழுத்தம் 15 புள்ளி அளவுக்கு ஏறி இறங்குகிறது (திட்ட விலக்கம் 15) என்று கொள்வோம். குழுவுக்கு 5,000 பேரை வைத்துச் சோதித்து, மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக ஒரே ஒரு புள்ளி குறைந்திருந்தால்கூட பி மதிப்பு 0.001-க்கு அருகே வந்துவிடும், அதாவது அமோகமாக சிக்னிஃபிகன்ட். ஆனால் ஒரு புள்ளி குறைவதால் ஒரு தனி நோயாளிக்கு என்ன பெரிதாகக் கிடைத்துவிடப் போகிறது? இன்னொரு மருந்து 5 புள்ளி குறைக்கிறது, ஆனால் குழுவுக்கு 50 பேர்தான். பி மதிப்பு 0.1 பக்கம், அதாவது வழக்கமான 0.05 எல்லைக்கு மேலே, நிற்கும். ‘சிக்னிஃபிகன்ட் இல்லை’ என்று எழுதுவார்கள், அதைப் படிப்பவர்கள் மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஆதாரம் போதவில்லை என்பதும் பயன் இல்லை என்பதும் ஒன்றல்ல.

சரி, இந்த 0.05 எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் அதை வசதியான ஓர் எல்லை என்றுதான் சொன்னார். இயற்கை போட்ட கோடு அல்ல அது. பயனே இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் தனி அறிக்கை வெளியிட்டு, பி மதிப்பு ஒரு கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவெடுக்கக் கூடாது என்றது.

அதனால் அந்தச் சுருக்கத்தில் ‘கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். உண்மையான விளைவு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று ஆய்வின் எண்கள் காட்டும் வீச்சு அது. நான் சொன்ன முதல் மருந்துக்கு அது ஏறத்தாழ 0.4 முதல் 1.6 புள்ளி வரை இருக்கும். இரண்டாவதற்கு, 1 புள்ளி ஏறுவதிலிருந்து 11 புள்ளி குறைவது வரை விரியும். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை விஷயங்களை அளந்து பார்த்தார்கள் என்பதையும் அப்புறம் பாருங்கள். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.