ஆர்க்டிக்கில் வல்லரசுகள் மோதிக்கொண்டால் முதல் அடி எங்கே விழும்?

ஐஸ் உடைக்கும் கப்பல்கள், ஏவுகணைகள் என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கடலடியில் போகும் இரண்டு ஃபைபர் கேபிள்களைச் சொல்வேன்.

அந்தத் தீவுகளின் முக்கிய ஊர் லாங்யர்பியன். அதை ஒட்டிய மலை மேல் ஸ்வால்சாட் என்ற செயற்கைக்கோள் தரைநிலையம் இருக்கிறது. பனிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆன்டெனா, மொத்தம் நூற்றுக்கும் மேல். வடக்கே 78 டிகிரியில் போய் ஏன் கட்டினார்கள்? துருவச் சுற்றுப்பாதையில், அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகப் போகும் செயற்கைக்கோள் நாளைக்குச் சுமார் 14 முறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது தலைக்கு மேலே வரும் இடம் இது. வானிலைப் படங்கள் உட்பட அங்கே இறங்கும் தரவெல்லாம் அந்தக் கேபிள்கள் வழியாகத்தான் நார்வேயின் பெருநிலத்துக்குப் போகிறது. ஒவ்வொன்றும் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

2022 ஜனவரி 7 அன்று அதில் ஒன்று பழுதானது. லாங்யர்பியனிலிருந்து 130 முதல் 230 கிலோமீட்டருக்குள், கடல் தரை 300 மீட்டரிலிருந்து 2,700 மீட்டருக்குச் சரியும் இடத்தில். இன்னொன்று தாங்கியதால் சேவை நிற்கவில்லை. அதுவும் போயிருந்தால்? மனிதச் செயலாக இருக்கலாம் என்று போலீஸ் சொன்னது, அப்புறம் ஆதாரம் போதவில்லை என்று வழக்கை மூடிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நார்வேயின் வடக்குக் கரையோரம் கடலாய்வுக் கேபிள் ஒன்றில் பல கிலோமீட்டர் நீளத்துண்டே காணாமல் போயிருந்தது.

என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். கடலடி வலை இழுக்கும் மீன்பிடிக் கப்பல் ஒன்று தெரியாமல் அறுத்ததா, வேண்டுமென்றே அறுத்ததா என்று நிரூபிக்கவே முடியாது. நிரூபிக்க முடியாத தாக்குதலுக்கு யார் மேல் பதிலடி கொடுப்பது? சரி, படையை நிறுத்திக் காவல் காக்கலாமே என்றால், 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் அங்கே கடற்படைத் தளம் அமைப்பதைத் தடை செய்கிறது. ரஷ்யாவும் அதில் ஒரு தரப்பு. பக்கத்திலேயே பாரென்ட்ஸ்பர்க் என்ற அவர்களுடைய நிலக்கரிச் சுரங்க ஊரும் இருக்கிறது.

அதனால் காவலை விட மாற்று வழிதான் அவசியம் என்பது என் கருத்து. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. 2024 ஆகஸ்டில் ஆர்க்டிக் இணையத்துக்காகவே நார்வே இரண்டு செயற்கைக்கோள்களை ஏவியது சரியான முடிவு. ஆனால் ஸ்வால்சாட்டில் இறங்கும் தரவின் அளவுக்கு ஈடு கொடுக்கக் கேபிள்தான் வேண்டும்.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் அதே தீவில், நி-ஆலசுண்டில் இயங்குகிறது. அந்த ஊரின் ஃபைபர் இணைப்பும் லாங்யர்பியன் வழியாகத்தான் போகிறது. ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. இந்தக் கேபிள்களின் பாதுகாப்பைப் பற்றி நாமும் வாய்திறந்து கேட்க வேண்டும்.