சாய்ஸ் பட்டியலில் எதை முதலில் போடுவது?

கேள்வி: என் மகளின் பொறியியல் கட்-ஆஃப் 168. அவள் ஆசைப்படும் கல்லூரியில் போன வருடம் 175-க்கே இடம் முடிந்துவிட்டதாம். அதை முதலில் போட்டால் கீழே உள்ளதும் கைநழுவிப் போகும் என்கிறார் பிரவுசிங் சென்டர் தம்பி. நிஜமா?
- ஒரு தாய், அரியலூர்

பதில்: இல்லை அம்மா. கலந்தாய்வு சமயத்தில் ஊர் ஊராகச் சுற்றும் புரளி இது. உங்கள் மகளின் ரேங்க் முறை வரும்போது கணினி அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். எந்த வரிசையில் முதலில் காலியிடம் இருக்கிறதோ, அங்கே நின்றுவிடும். 175-ஐ மேலே எழுதியதற்குத் தண்டனை எதுவும் கிடையாது.

பயந்துகொண்டு, 'எப்படியும் கிடைக்கும்' என்ற கல்லூரியை முதலில் போடுவதில்தான் ஆபத்து. அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே இருப்பதைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருந்தாலும், பட்டியலில் அதற்கு மேலே உள்ளவைக்குத்தான் வாய்ப்பு. ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்பதால், 168-க்குக் கீழே முடிந்த கல்லூரிகளையும் தாராளமாகச் சேருங்கள். பத்தே பத்து போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடக் கணக்கை உங்கள் சமூகப் பிரிவில் பாருங்கள். மதிப்பெண்ணைவிட ரேங்கை ஒப்பிடுவது நல்லது. கணிதத்தில் சதம் அடிப்பவர்கள் கூடினால் கட்-ஆஃப் தானாக ஏறிவிடும். அப்புறம், ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். அந்தத் தம்பி தட்டச்சு செய்யட்டும். பாஸ்வேர்டும் ஓடிபியும் உங்கள் மகளிடமே இருக்கட்டும்.

கேள்வி: 'நாக்' என்ற தேசியத் தர மதிப்பீட்டில் ஏ பிளஸ் வாங்கிய கல்லூரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாமா சார்?
- பிளஸ் டூ மாணவர், தேனி

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே சேருங்கள்! நாக் மதிப்பீடு கல்லூரி முழுமைக்குமானது. என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுவது. நீங்கள் சேரப்போகும் துறைக்கு அது உண்டா என்று பாருங்கள். மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. துறைக்கு இருக்காது. முதலில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வெளியேறிய பிறகுதானே அதற்கு விண்ணப்பிக்கவே முடியும்? அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் வினாத்தாளை அவர்களே தயாரிக்கிறார்கள்.

முடிந்தால் வேலை நாள் ஒன்றில் நேரில் போய்வாருங்கள். வரவேற்பறையில் உட்காராமல், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மூன்றாம் வருட மாணவரிடம் பேசுங்கள். 'போன செமஸ்டர் லேபில் நீங்களே கையால் செய்தீர்களா, அவர்கள் செய்து காட்ட நீங்கள் பார்த்தீர்களா?' இதை மட்டும் கேட்டால் போதும், மீதியை அவரே கொட்டிவிடுவார்.

கேள்வி: எங்கள் வீட்டில் மகன்தான் முதல் பட்டதாரி. கலந்தாய்வுக்கு முன்பே நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா?
- ஒரு தந்தை, திருவண்ணாமலை

பதில்: வேண்டாம். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் அது கிடையாது. மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.