230 வோல்ட் நேரடியாக வரும் சர்க்யூட் போர்டில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? லைன் பக்கம், 5 வோல்ட் பக்கம் என இரு பக்கக் கிரவுண்டையும் இணைத்துவிடலாமா?

நான் முதலில் வரைந்த 230 வோல்ட் போர்டு, தண்ணீர் மோட்டாரை நேரம் வைத்து இயக்கும் ஒரு சிறு கருவிக்கானது. லைன் பகுதிக்கும் கைபடக்கூடிய 5 வோல்ட் பகுதிக்கும் இடையே 6 மி.மீ. விட்டு, ஆப்டோகப்ளருக்கு (இரு பகுதிகளுக்கும் இடையே ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் பாகம்) அடியில் நீளமான துளையும் வெட்டியிருந்தேன். பெட்டியில் பொருத்திய பிறகுதான், எல்லைக்கோட்டில் இருந்த திருகின் வாஷர் அந்த இடைவெளியில் பாதியை விழுங்கிவிட்டது தெரிந்தது.

ஆகவே, அளக்க வேண்டியவை இரண்டு: காற்றின் வழியாக உள்ள குறுகிய தூரம் (கிளியரன்ஸ்), போர்டின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் தூரம் (க்ரீப்பேஜ்). பெரும்பாலும் நம்மை நெருக்குவது இரண்டாவதுதான், ஏனெனில் தூசியும் ஈரமும் படிவது மேற்பரப்பில்தான். மின்காப்பு இடைவெளிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60664-1-இன் 250 வோல்ட் வரிசைப்படி, சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டு உலர்ந்த அறையில் இருந்தால் அடிப்படைக் காப்புக்கு (இன்சுலேஷன்) மேற்பரப்புத் தூரம் 2.5 மி.மீ. போதும், மனிதர் தொடும் பகுதியைப் பிரிக்கும் வலுவூட்டிய காப்புக்கு அதன் இருமடங்காக 5 மி.மீ. வேண்டும். ஈரமும் தூசியும் சேரும் மோட்டார் அறை என்றால் இவை 4, 8 மி.மீ. ஆகிவிடும். வாஷர் இல்லாவிட்டாலும் என் 6 மி.மீ. இடைவெளி மோட்டார் அறைக்குப் போதியிருக்காது. துளை வெட்டினால் மேற்பரப்புத் தூரம் மட்டுமே கூடும், காற்றுத் தூரம் மாறாது. ஆப்டோகப்ளரின் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அது கூட்டாது என்பதால், கால்கள் 10.16 மி.மீ. அகலத்தில் வளைக்கப்பட்ட வகையை வாங்குங்கள்.

கிரவுண்ட் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு பொருள்கள் ஒளிந்திருப்பதே குழப்பத்திற்குக் காரணம். முதலாவது, ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் எதிர்முனை; அது உயிருள்ள லைனுக்குச் சமம். மற்ற இரண்டும் 5 வோல்ட் கிரவுண்டும் எர்த்தும். அந்த எதிர்முனையை 5 வோல்ட் கிரவுண்டுடன் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. எர்த் உள்ள ஆஸிலாஸ்கோப்பின் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) கிரவுண்டு கிளிப்பை அதில் மாட்டினால் ஃபியூஸ் போவதும் இதனால்தான். 5 வோல்ட் கிரவுண்டை எர்த்துடன் சேர்க்கலாம். ஆனால் உலோகப் பெட்டியானால் பச்சை மஞ்சள் எர்த் வயர் முதலில் பெட்டியிலேயே, தனித் திருகில் முடிய வேண்டும். பழுதின்போது ஃபியூஸ் போகும்வரை பாயும் மின்னோட்டத்தைப் போர்டின் மெல்லிய தடம் தாங்கும் என்று நம்பக் கூடாது.

இரைச்சலைக் குறைக்க இரு பக்கங்களுக்கும் நடுவே கெப்பாசிட்டர் வைப்பதானால் ஒய்1 என்ற பாதுகாப்பு வகையே வேண்டும், ஏனெனில் சாதாரண செராமிக் ஷார்ட் ஆனால் காப்பே போய்விடும். 2.2 நானோஃபாரட் அளவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லியாம்பியர் வரை கசியும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் உலோகப் பகுதியைத் தொடும்போது உணரும் மெல்லிய கூச்சம் இந்தக் கசிவால்தான்.

மல்டிமீட்டர் சில வோல்ட் அழுத்தத்தில் மட்டுமே அளப்பதால், அதில் எதுவும் காட்டவில்லை என்பதை வைத்துக் காப்பு சரியென்று கொள்ளாதீர்கள். உயர் அழுத்தச் சோதனைக் கருவி உள்ள கூடத்தில், திருகுகளெல்லாம் மாட்டிய நிலையிலேயே போர்டைச் சோதியுங்கள்.