வடத்தை விட்ட பிறகும் ஓடும் தேர்: கேள்வி பதில்

போன வாரம் பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து வியாழனைப் பார்த்தோம். பேச்சு எப்படியோ பேரண்டத்தின் விரிவுக்குப் போய்விட்டது. கொசுக்கடியில் பாதியில் விட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, விரிவின் வேகம் கூடுகிறது என்று எப்படித் தெரியும்? (மாணவி, அம்பாசமுத்திரம்)

ஆனித் தேரின் வடத்தை எல்லாரும் விட்டுவிட்டால் தேர் தளர்ந்து நிற்கும். விடவிட வேகமெடுத்தால் எப்படி இருக்கும்? 1998-இல் இரண்டு வானியல் ஆய்வுக் குழுக்களுக்கு அப்படித்தான் இருந்தது. 1ஏ வகை சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறும் ஒருவகை விண்மீன்களின் உண்மையான பிரகாசத்தைக் கணித்துவிடலாம். அதனால் எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்துத் தூரம் சொல்லலாம். தொலைவில் இருந்தவை எதிர்பார்த்ததைவிட மங்கியிருந்தன, அதாவது இன்னும் தள்ளிப் போயிருந்தன; விரிவு வேகமெடுத்திருந்தால்தான் அப்படி ஆகும். அந்தக் குழுக்களின் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரைஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் கிடைத்தது.

விரிவை இப்படி விரட்டும் ஏதோ ஒன்றுக்குக் கரும் ஆற்றல் என்று பெயர் வைத்துவிட்டார்களே. ஈர்ப்பு விதியே தப்பாக இருக்கக்கூடாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி)

இருக்கலாம் சார். இதே குழப்பம் முன்பும் வந்திருக்கிறது. யுரேனஸ் தடம் பிசகியபோது, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோதும் அதே உத்திதான். 'வல்கன்' என்று பெயரிட்டுத் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்ற அந்தப் பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் புது ஈர்ப்புக் கொள்கைதான் தீர்த்தது. கரும் ஆற்றல் நெப்டியூனா, வல்கனா? சண்டை அதுதான்.

கரும் ஆற்றல் என்பது வெற்றிடத்துக்கே உரிய ஆற்றல் என்று கணக்கிட்டால், விடை வானில் கண்டதைவிட 1-க்குப் பின் சுமார் 120 சுழியம் போட்ட மடங்கு மிகுந்துவிடுகிறது. ஈர்ப்பில் கை வைக்க ஆசை வருவது நியாயம்தான். ஆனால் கை வைத்தாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீராது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஐன்ஸ்டைன் தப்பென்றால் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறவர்கள் கதி? (பணகுடி)

ஒன்றும் ஆகாது, ராக்கெட்டுக்குப் பெரும்பாலும் நியூட்டனே போதும். புதுக் கொள்கை எதுவானாலும் சூரியக் குடும்பத்துக்குள் பழைய விதிபோலவே நடந்தாக வேண்டும். அதற்காக 2004-இல் இயற்பியலாளர்கள் கூரியும் வெல்ட்மனும் சொன்ன வழிக்குப் பச்சோந்தி என்றே பெயர். பொருள் அடர்ந்த இடத்தில் கூடுதல் விசை ஒடுங்கிக்கொள்ளும், வெறுமையில் தலைகாட்டும். கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்சம் வசதியான கெட்டிக்காரத்தனம்.

ஈர்ப்பை மாற்றும் இந்தக் கொள்கைகளில் எதுவும் அடிபட்டுப் போயிருக்கிறதா?

ஒரே நாளில் ஒரு கூட்டமே! 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் கிளம்பிய ஈர்ப்பலை, அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வு, வந்து சேர்ந்தது. 1.7 வினாடி கழித்து ஒளியின் ஒரு வகையான காமா கதிர் வந்தது. அத்தனை கோடி ஆண்டு ஓட்டத்தில் வித்தியாசம் அவ்வளவுதான். ஈர்ப்பலையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகும் என்ற கொள்கைகளுக்கு அன்றே கதவடைப்பு. வேகத்தை மாற்றாதவை தப்பின.

மாண்ட் என்பதும் இதுதானா?

இல்லை. அது நியூட்டன் விதியைத் திருத்தி 1983-இல் மில்க்ரோம் சொன்னது; விண்மீன் மண்டலங்களை ஈர்த்துப் பிடிப்பதாகச் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கு மாற்று. வேறு வழக்கு.

உங்கள் பந்தயம் எதில்?

இப்போதைக்கு ஐன்ஸ்டைனின் மாறிலியில், அதாவது கரும் ஆற்றல் காலத்தால் மாறாதது என்பதில். ஆனால் 2024, 2025-இல் வந்த டெசி (விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் திட்டம்) ஆய்வு முடிவுகள், கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறைகிறதோ என்று கேட்க வைக்கின்றன. சான்று இன்னும் போதாது. உறுதிப்பட்டால் பந்தயத்தை மாற்றிக்கொள்வேன்.

எல்லாம் விரிகிறதென்றால் என் வயலும் விரியுமா? (சேரன்மகாதேவி)

விரியாது மாமா. ஈர்ப்பும் அணுக்களின் பிணைப்பும் இறுக்கிப் பிடித்தவை விரிவதில்லை. வரப்பு நகர்ந்திருந்தால் பக்கத்து வயல்காரரைத்தான் கேட்க வேண்டும்.