நம்பாடுவான் கேட்ட தவணை

அன்புள்ள ஐயா,

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பா இறந்த 16-ஆம் நாள், “நான் கண்ணை மூடும்வரை வயலை விற்காதே” என்று அம்மா கேட்டார். சரி என்றேன். இப்போது தங்கையின் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. வயலை விற்றால்தான் பணம். பட்டா என் பெயரில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாமல் கிரயம் முடித்துவிடலாமா? பலனை எண்ணாமல் கடமையைச் செய் என்கிறது கீதை. இரண்டு கடமைகள் எதிரெதிராக வந்தால்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே திருக்குறுங்குடி இருக்கிறது. கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் அந்தக் கோயிலில் நடக்கும் நாடகத்தைப் பார்த்திருப்பீர்கள். வராக புராணக் கதை. பாணர் குலத்து நம்பாடுவான் விரதமிருந்து, அந்தக் கோயில் பெருமாளான நம்பியைப் பாடப் போகிறான். வழியில் பசித்த பிரம்மராட்சசன் மறிக்கிறான். “பாடிவிட்டு வருகிறேன், பிறகு தின்றுகொள்” என்று நம்பாடுவான் தவணை கேட்கிறான். ராட்சசன் நம்பாததால் 18 சபதங்கள் செய்து கொடுக்கிறான்.

பாடி முடித்துத் திரும்புகையில் கிழவர் ஒருவர் எதிர்ப்பட்டு, உயிரைக் காக்கப் பொய் சொல்வது பாவமாகாது, வேறு வழியாகப் போய்விடு என்கிறார். வந்தவர் நம்பியேதான். அவர் சொன்னதற்குச் சாஸ்திரத்தில் இடமும் உண்டு. நம்பாடுவான் மறுத்துவிட்டு ராட்சசனிடமே போகிறான். எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ராட்சசனிடம் நம்பியைப் பற்றிச் சொன்னான். கிழவரிடம் ராட்சசனைப் பற்றிச் சொன்னான். ஒரு கடமையிடம் இன்னொன்றை அவன் ஒளிக்கவேயில்லை. நீங்களோ ஒளிக்கப் பார்க்கிறீர்கள். கீதை விடச் சொல்வது பலன்மேலுள்ள பற்றை. அம்மா அழுவதைப் பார்க்க அஞ்சி ரகசியமாக விற்பதும் பலனைக் கணக்குப் பார்த்துச் செய்வதுதான்.

திரும்பி வந்தவனை ராட்சசன் தின்னவில்லை. பாட்டின் பலனை யாசித்தான். கைசிகப் பண்ணில் பாடியதன் பலனைப் பெற்றுச் சாபம் நீங்கினான். அவனுக்கு உண்மையில் வேண்டியிருந்தது அதுதான். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது என்ன? கணவரை இழந்த 16-ஆம் நாளில், இனி தன்னைக் கேட்காமலே வீட்டில் எல்லாம் நடந்துவிடுமோ என்று பயந்துகூட அப்படிக் கேட்டிருக்கலாம். படுத்திருப்பவர் அவருடைய மருமகன் அல்லவா?

அவர் மறுத்தால்? அப்போதும் விற்கத்தான் வேண்டும் என்பேன். நம்பாடுவான் பணயம் வைத்தது தன் உயிரை. இங்கே போகவிருப்பது இன்னொருவர் உயிர். ஆனால் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, வாக்குத் தவறியவன் என்ற பேரையும் சுமந்துகொண்டு விற்க வேண்டும்.

பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்குமுன் தங்கையையும் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் போங்கள். மருத்துவமனைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். அதைத் தங்கையே படித்துக் காட்டட்டும்.