தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட்டைப் பற்றவைக்கும் முன் சோதிப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் டிராக்டர் கேஜ் வீல் பற்றவைக்கும் பட்டறை வைத்திருக்கும் நீங்கள், மழைக்காலம் முழுவதும் மூலையில் கிடந்த ஹெல்மெட்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

முதலில் முன்பக்க பிளாஸ்டிக் மூடியைத் துடைத்து, வெளிச்சத்தை உணரும் சென்சார்களின் மேல் தெறிப்போ சேறோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, கிரைண்டிங் நிலையில் (கண்ணாடி கறுக்காமலே இருக்கும் அமைப்பு) இல்லை என்பதை உறுதிசெய்து, உணர்திறனை அதிகமாக வைத்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே சென்சாருக்கு நேரே அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரைத் தட்டினால், கண்ணாடி ஒரு கணம் கறுத்துத் தெளிய வேண்டும். வெயிலில் காட்டினாலும் பெரும்பாலும் கறுக்கும், எல்.இ.டி. விளக்குக்குக் கறுக்காவிட்டால் அதைப் பழுது என்று முடிவுகட்டக் கூடாது. கறுப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ மினுங்கினாலோ பேட்டரியை மாற்றிப் பாருங்கள் (சோலார் தகடு உள்ள பல ஹெல்மெட்டுகளிலும் உள்ளே பேட்டரி உண்டு). அப்போதும் சரியாகாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

இந்தச் சோதனை கறுப்பதை மட்டுமே காட்டும், எவ்வளவு கறுக்கிறது என்பதைக் காட்டாது. சுமார் 100 ஆம்பியரில் ராடு வெல்டிங் செய்ய நிழல் எண்ணை (கண்ணாடி எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதற்கான அளவு) 10 அல்லது 11 என வையுங்கள். புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களை நல்ல வடிகட்டிக் கண்ணாடி கறுக்காத நிலையிலும் தடுக்கும்; ஆனால், அதில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் லைட்டர் சோதனையில் தேறிவிடும் என்பதால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓரங்களைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.